ஏழு முதல் பதினான்கு வரை

வெர்னியர் என்பது ஒரு பெண்ணுக்கு வைக்கிற பெயரா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் அந்த அலுவலகத்தில் இருபது வருஷமாக அவளை வேறு எப்படியும் யாரும் கூப்பிட்டதில்லை. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது. கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, இரும்பின் தடிமனை அளக்கிற அந்த வெர்னியர் காலிப்பர் கட்டாயம் இருக்கும். இரண்டு தாடை, நடுவில் நகர்கிற ஒரு சட்டம், வால் பக்கம் ஆழம் பார்க்க ஒரு மெல்லிய குச்சி. ஒரு தடவை புருஷனைத் தேனீ கொட்டிவிட்டது. காலையில் எட்டு மில்லிமீட்டர் இருந்த வீக்கம் சாயங்காலம் ஐந்தரைக்கு இறங்கிவிட்டது, டாக்டரிடம் போக வேண்டியதில்லை என்று அவள் தீர்ப்புச் சொன்னாள். அந்தக் கதையைப் புருஷனே போகிற இடத்திலெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெயரை நிலைநாட்டிவிட்டார்.

அலுவலகம் என்றால் மொத்தம் மூன்று பேர். ஒரு என்ஜினியர், ஒரு கணக்குப்பிள்ளை, வெர்னியர். பழைய கட்டடங்கள் புதுச் சுமையைத் தாங்குமா தாங்காதா என்று பார்த்துச் சொல்வதுதான் தொழில். வரைபடம் தொலைந்துபோன கட்டடங்கள்தான் முக்கால்வாசி வரும். கட்டியவர் போய்ச் சேர்ந்திருப்பார், வாங்கியவருக்கு ஒன்றும் தெரியாது. அப்போது வெர்னியர் போய் ஏணியில் ஏறி, மாடியைத் தாங்குகிற இரும்பை அளந்துகொண்டு வருவாள்.

அந்த இரும்பு பெரும்பாலும் சேனலாக இருக்கும். நிமிர்ந்த ஒரு முதுகு, அதன் மேல்முனையிலிருந்து ஒரு கை, கீழ்முனையிலிருந்து ஒரு கை, இரண்டும் ஒரே பக்கம் நீட்டியிருக்கும். பொறியியல் புத்தகத்தில் இதற்கெல்லாம் வேறு பெயர்கள் உண்டு. அவளுக்கு முதுகும் கையும்தான். நான்கு அளவு எடுத்தால் போதும். முதுகின் உயரம், கையின் நீளம், முதுகின் தடிமன், கையின் தடிமன். இதில் கடைசி அளவில்தான் புதியவர்கள் வழுக்கி விழுவார்கள். கை ஒரே தடிமனாக இருக்காது. முதுகோடு சேருகிற இடத்தில் தடித்து, நுனிக்குப் போகப் போக மெலியும். நுனியில் அளந்தால் குறைவாக வரும், அடியில் அளந்தால் அதிகமாக வரும். நட்டநடுவில் அளக்க வேண்டும். அளந்ததை எடுத்துக்கொண்டு அட்டவணைப் புத்தகத்தைத் திறந்தால், அந்த நான்கு எண்ணும் ஒத்துப்போகிற ஒரே ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் அதிலேயே கிடைக்கும். மீட்டருக்கு எத்தனை கிலோ, வளையாமல் எவ்வளவு நிற்கும், எடை எந்தப் புள்ளியில் கூடுகிறது, எல்லாம்.

சேனலில் அவளுக்கு ரொம்பப் பிடித்த விசித்திரம் அந்தப் புள்ளி. அது இரும்பிலேயே இருக்காது. இரண்டு கைகளுக்கு நடுவில் வெறும் காற்றில் இருக்கும். முறுக்கிக்கொள்ளாமல் சுமை தாங்க வேண்டுமானால் சுமை எந்தக் கோட்டில் இறங்க வேண்டும் என்று பார்த்தால், அது இன்னும் மோசம்; முதுகுக்குப் பின்னால், இரும்புக்கு முற்றிலும் வெளியே இருக்கும். கண்ணால் பார்த்து எதையும் முடிவு செய்யாதே என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் கைப்பேசியில் நாத்தனாரின் பெயர் மின்னியது. வேறு வீடுகளில் இது ஒரு செய்தியா? இந்த வீட்டில் ஆறு வருஷம் கழித்து மின்னியது.

நடுவில் இருந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. சண்டையென்றால் கத்தித் தீர்த்திருக்கலாம். மாமியார் கடைசி இரண்டு வருஷம் மகன் வீட்டில்தான் இருந்தார். நாத்தனார் தினமும் காலை பத்து மணிக்கு வெர்னியருக்குப் போன் செய்து, அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்பார். அன்றும் கேட்டார். "நல்லா இருக்காங்க அண்ணி, நேத்து மாதிரிதான்" என்று வெர்னியர் சொன்னாள். மத்தியானம் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தபோது மாமியாருக்குப் பேச்சு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நாத்தனார் ஒரு வார்த்தை சொன்னார். "நீ சொன்னத நம்பிட்டேன்." அவ்வளவுதான். அதற்கப்புறம் போக்குவரத்தெல்லாம் தம்பி மூலமாகத்தான்.

நாத்தனாருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அன்று காலையில் வெர்னியர் மாமியாரின் அறைக்குள் போகவே இல்லை. அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது, கதவு ஒருக்களித்திருந்தது, தூங்குகிறவரை எழுப்புவானேன் என்று வாசலோடு வந்துவிட்டாள். பத்து மணிக்குப் போன் வந்தபோது வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. இதை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

ஆகவே அந்தப் பெயர் மின்னியதும், அந்தக் காலையைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள். ஆனால் நாத்தனார் பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. அவர் புத்தகம் தைத்து அட்டை போடுகிற பட்டறை ஒன்று நடத்துகிறார். கீழே அச்சு இயந்திரங்களும் தாள் அடுக்குகளும், மேலே தையலும் அட்டையும். மேல்மாடிக்குப் புதிதாகத் தாள் வெட்டுகிற இயந்திரம் ஒன்று வாங்குகிறார். மூன்று டன் எடை. மாடி தாங்குமா என்று தெரியவில்லை. "வெளியாள வச்சுப் பாக்கறதுக்கு வீட்ல ஒருத்தி இருக்கும்போது என்னத்துக்குன்னு தோணுச்சு" என்றார். வீட்டில் ஒருத்தி. அந்த வார்த்தையை வெர்னியர் அன்றைக்கு முழுவதும் வாயில் போட்டுச் சுவைத்துக்கொண்டிருந்தாள்.

அளக்கப் போன நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாத்தனார் டீ வாங்கி வைத்திருந்தார். ஏணியைப் பட்டறை ஆட்களிடம் விடாமல் தானே பிடித்துக்கொண்டார். கீழே நின்று, உன் புருஷனுக்கு ரத்த அழுத்தம் எப்படி, நீ ஏன் இப்படி இளைத்துப் போயிருக்கிறாய் என்றெல்லாம் கேட்டார். வெர்னியர் மேலே நின்றுகொண்டு, ஒவ்வொரு சேனலிலும் பொட்டு அளவுக்குப் பெயிண்டைச் சுரண்டி, பச்சைக்கு அடியில் சாம்பல், சாம்பலுக்கு அடியில் காவி, எல்லாம் போய் வெறும் இரும்பு தெரிந்த பிறகு தாடையை வைத்து அளந்தாள். பெயிண்டோடு சேர்த்து அளந்தால் ஒரு மில்லிமீட்டர் கூடிவிடும். அதிலெல்லாம் அவள் குறை வைக்கிறவள் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. உயரம் இருநூறு, முதுகு ஆறு, கையின் நடுவில் பதினொன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. ஆறும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக வந்தன.

ஏழாவதிலிருந்து எல்லாச் சேனலுக்கும் கீழே தாள் அடுக்கு. தரையிலிருந்து கிட்டத்தட்டச் சேனலை முட்டுகிற உயரம். நடுவில் கைவிட இடமில்லை. இடுக்கு வழியாக எண்ணிப் பார்த்தாள், மொத்தம் பதினான்கு. நாத்தனார் கீழேயிருந்து கேட்டார்.

"பேப்பர நகத்தணும்னா சொல்லு, ஆளுங்கள கூப்பிடறேன்."

ஆறு பேர், அரை நாள் வேலை. ஆறு வருஷத்துக்கப்புறம் ஏணி பிடிக்கிற நாத்தனார். "வேணாம் அண்ணி, எல்லாம் ஒண்ணுதான்" என்றாள் வெர்னியர். நோட்டில் ஏழாம் எண்ணுக்கு நேராக 'மேற்படி' என்று எழுதி, பதினான்கு வரைக்கும் ஒரு கோட்டை இழுத்துவிட்டாள். கட்டடத்தின் நீளத்தை டேப் போட்டு அளந்தாள், பதினொன்று புள்ளி நான்கு மீட்டர். டீயைக் குடித்தாள்.

என்ஜினியர் அந்த அளவை வைத்துக் கணக்குப் போட்டுத் தாங்கும் என்றார். வெர்னியர் போனில் நாத்தனாருக்குச் சொன்னாள். நாத்தனார் இயந்திரத்துக்குச் சொல்லிவிட்டார். பழைய இயந்திரத்தையும் கழற்றிக் கொடுத்தாகிவிட்டது. புதியது வியாழக்கிழமை காலையில் வருகிறது. பின்பக்கத்து மாடிக் கதவு வழியாகக் கிரேன் வைத்து ஏற்றி, அங்கேயே ஜன்னலோரம் நிறுத்துவதாக ஏற்பாடு. வெட்டுகிறவருக்கு வெளிச்சம் வேண்டும் அல்லவா?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வெர்னியர் கோப்பில் வைப்பதற்காகப் படம் வரைய உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரில் சேனல்களை வரிசையாகப் போட்டாள். தொள்ளாயிரம் மில்லிமீட்டருக்கு ஒன்று. முன்பக்கம் அப்படித்தான் அளந்திருந்தாள். பதினான்கையும் போட்டு முடித்துப் பார்த்தால், கடைசி இரண்டு சேனல் பின்சுவரைத் தாண்டிப் பின்தெருவில் நின்றுகொண்டிருந்தன.

முதலில் சிரித்தாள். தட்டச்சில் எங்கேயோ தவறு என்று நினைத்தாள். மறுபடி போட்டாள். மறுபடியும் தெருவுக்குப் போயின. பதினான்கு சேனல் என்றால் பதினைந்து இடைவெளி. தொள்ளாயிரம் வீதம் பதின்மூன்றரை மீட்டர். கட்டடமோ பதினொன்று புள்ளி நான்கு. இரண்டு மீட்டருக்கு மேல் உதைத்தது.

கைப்பேசியில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பின்னால் இருந்த சேனல்கள் நெருக்கமாகத் தெரிந்தன. தூரத்தில் இருப்பது நெருக்கமாகத் தெரிவது வழக்கம்தான், அன்றைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். இப்போது தாள் கட்டுகளை எண்ணினாள். எல்லாக் கட்டும் ஒரே அகலம், அறுபது சென்டிமீட்டர். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒன்றரைக் கட்டு இருந்தது. எட்டைத் தாண்டியதும் ஒரு கட்டுக்கு ஒரு சேனல். எட்டு இடைவெளி தொள்ளாயிரம், ஏழு இடைவெளி அறுநூறு. கூட்டிப் பார்த்தாள். பதினொன்று புள்ளி நான்கு, ஒரு நூல் பிசகவில்லை.

இரும்பை நெருக்கமாகப் போடுகிறவன் சும்மா போடமாட்டான். மெலிந்த சேனலாக இருந்தால்தான் நெருக்கிப் போடுவான். அதே இருநூறு உயரத்தில் மெலிந்த ரகமும் உண்டு. உயரம் ஒன்று என்பதால் மேலே தளம் ஒரே மட்டமாக உட்கார்ந்துவிடும். மாடியில் நடக்கிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. கட்டடத்தைப் பிற்பாடு யாரோ பின்னால் நீட்டியிருக்கிறார்கள். கிடைத்த சேனலைப் போட்டிருக்கிறார்கள்.

எழுந்து போய் என்ஜினியரிடம் சொன்னாள். அவர் அவளைவிடப் பத்து வயசு சின்னவர், நல்ல மனுஷன். மெலிந்ததாகவே இருந்தாலும் நெருக்கிப் போட்டிருப்பதால் ஈடாகிவிடுமே என்றார். தாள் அடுக்குக்கு ஈடாகும், பரவலாக உட்காருகிற சுமைக்கு ஈடாகும். இயந்திரத்துக்கு நான்கு கால், அந்தக் கால் போய் நிற்கிற சேனலுக்குப் பக்கத்துச் சேனல் எவ்வளவு நெருக்கமாக இருந்தால் என்ன என்று அவள் கேட்டாள். என்ஜினியர் கண்ணாடியைக் கழற்றினார். பின்பக்கம் அளந்ததுதானே என்றார். அவள் நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். அந்தக் கோட்டை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. போன் செய்து கிரேனை நிறுத்தச் சொல்லிவிடலாம் என்று மட்டும் சொன்னார்.

"நான் நேர்ல போறேன்."

"போன்லயே சொல்லிடலாமேக்கா."

"அவங்களுக்குப் போன்ல சொன்னது போதும்."

அவருக்கு அது புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை.

வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சேனல் விஷயத்தைச் சொன்னாள். பஸ் ஓட்டுகிற மனுஷர், எதையும் பதறாமல் கேட்பார். முழுவதும் கேட்டுவிட்டு, அக்கா உன்னை உரித்துத் தொங்கவிடப் போகிறாள், முதுகையும் கையையும் அளந்து ஒரு அட்டவணையில் சேர்த்துவிடுவாள் என்றார். அவள் சிரிக்காததைப் பார்த்து, வேண்டுமானால் தானே பேசிவிடட்டுமா என்று கேட்டார். ஆறு வருஷமாக அவர்தானே பாலம். அவள் வேண்டாம் என்றாள். சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, இதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள், பொய் சொல்வானேன். ஒருவேளை மெலிந்ததாக இல்லாமலும் இருக்கலாம். ஒருவேளை தாங்கினாலும் தாங்கும். வெட்டுகிறவர் அந்த இயந்திரத்தின் முன்னால் நாள் பூராவும் நிற்பார். அவருக்கு நேர் கீழே இன்னும் இரண்டு பேர் அச்சு ஓட்டுவார்கள். ஒருவேளை என்பதை அவர்கள் தலைக்கு மேலே தொங்கவிட முடியாது. அது தெரிந்துதான் இருந்தது. நாத்தனாரின் முகம்தான் கண் முன்னால் வந்து வந்து போயிற்று.

புதன்கிழமை காலை எட்டரைக்குப் பட்டறையில் இருந்தாள். நாத்தனார் மேல்மாடியில் தெருப்பக்கம் இருந்த தன் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, நாளைக்கு வருகிற இயந்திரத்துக்காக ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொண்டிருந்தார். வெர்னியரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நாளைக்குத்தானே வருவதாக இருந்தாய், இன்றைக்கே வந்துவிட்டாயே, உட்கார் என்றார். அவள் உட்காரவில்லை. படத்தை மேஜைமேல் விரித்து, சேனல் தெருவுக்குப் போன கதையைச் சொன்னாள். பின்பக்கம் மெலிந்த சேனலாக இருக்கலாம், அளந்தால்தான் தெரியும், தாளையெல்லாம் நகர்த்த வேண்டும் என்றாள்.

நாத்தனார் படத்தைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்தார்.

"எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னியே."

"சொன்னேன் அண்ணி."

"அளந்துதானே சொன்ன?"

"ஏழுலேருந்து அளக்கல. எழுதினேன்."

மாடியில் தையல் இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லி நாத்தனார் கையைக் காட்டினார். பிறகு, ஏன் அளக்கவில்லை என்று கேட்டார். தாளை நகர்த்தச் சொல்லி உங்களுக்குச் சிரமம் கொடுக்க மனசு வரவில்லை என்று அவள் உண்மையைச் சொன்னாள். அன்றைக்கு நீங்கள் ஏணி பிடித்தீர்கள், அதைக் கெடுத்துக்கொள்ள மனசில்லை என்றும் சொன்னாள். நாத்தனார் தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, எழுந்து படியிறங்கிப் போனார்.

கீழே வெட்டு மாஸ்டரைக் கூப்பிட்டு, அடுக்கைப் பிரிக்கச் சொன்னார். மாஸ்டர் நாற்பது வருஷமாகத் தாள் வெட்டுகிறவர். வலது கை மோதிர விரலில் ஒரு கணு குறைவு. எதற்கு என்று கேட்டார். சேனலை அளக்க என்றார் நாத்தனார். போன தடவை ஏணி போட்டது சேனலுக்குப் பூச்சூட்டவா என்று மாஸ்டர் கேட்டார். நாத்தனார் வெர்னியரைத் திரும்பிப் பார்த்தார். விஷயத்தை ஒருவிதமாகப் புரிந்துகொண்டவர், வெர்னியரைப் பார்த்து, "நல்லவேள தாயி. நான்தானே அந்த மெஷின் முன்னாடி நிக்கப் போறவன். மிச்சம் இருக்கற ஒம்பதே முக்கால் வெரலோட வீடு போகணும்" என்று சொல்லிவிட்டு, முதல் கட்டைத் தானே தோளில் தூக்கினார்.

ஆறு பேர் சேர்ந்து பதினோரு மணிக்கு வழி பண்ணினார்கள். நடுவில் வெர்னியரும் கட்டுத் தூக்கப் போக, நீ சும்மா இரு, இடுப்பைப் பிடித்துக்கொண்டால் ஏணியில் யார் ஏறுவது என்று நாத்தனார் அதட்டினார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வீட்டுப் பேச்சு அதுதான். ஏணியை மாஸ்டர் பிடித்தார். நாத்தனார் கொஞ்சம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஏழாவதில் ஏறினாள். சுரண்டினாள், அளந்தாள், பழைய எண்தான். எட்டாவதும் அப்படியே. ஒன்பதாவதில் சுரண்டும்போதே கத்தி பட்ட சத்தம் வேறு மாதிரி இருந்தது. அதையெல்லாம் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். உயரம் இருநூறு. கை எழுபது, முன்னால் இருந்ததைவிட ஐந்து மில்லிமீட்டர் குட்டை. கையின் நடுவில் தாடையை வைத்தாள். ஏழு. தாடையை எடுத்து, துடைத்து, மறுபடி வைத்தாள். ஏழுதான். முதுகில் பழைய போல்ட் ஓட்டை ஒன்று இருந்தது. மறுபக்கம் ஒரு சின்னத் தகட்டைப் பொருத்தி, ஓட்டை வழியாக வால் குச்சியை விட்டாள். நான்கு புள்ளி ஒன்று.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஏணியை நகர்த்தி, ஒவ்வொன்றையும் சுரண்டி, ஒவ்வொன்றுக்கும் தனியாக நான்கு எண் எழுதினாள். பன்னிரண்டாவதில் மாஸ்டர், எல்லாம் ஒன்றாகத்தானே வருகிறது, இறங்கிவிடலாமே என்றார். அவள் பதின்மூன்றுக்கு ஏணியைக் காட்டினாள்.

கீழே இறங்கி அட்டவணைப் புத்தகத்தைத் திறந்தபோது நாத்தனார் பக்கத்தில் வந்து நின்றார். வெர்னியர் இரண்டு வரியையும் விரலால் காட்டினாள். முன்பக்கச் சேனல் மீட்டருக்கு இருபத்திரண்டு கிலோ, வளைவுக்கு நிற்கிற எண் நூற்று எண்பத்திரண்டு. பின்பக்கம் பதினான்கு கிலோ, நூற்றுப் பதினாறு. இரண்டுக்கும் உயரம் இருநூறு என்று ஒரே எண் போட்டிருந்தது. நாத்தனார் குனிந்து அந்த வரிகளைப் படித்தார். பிறகு நிமிர்ந்து தலைக்கு மேலே முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒரே பச்சையில் ஒன்றுபோலத்தான் இருந்தன.

என்ஜினியருக்குப் போன் போட்டு எண்களைச் சொன்னார்கள். அரை மணி நேரத்தில் அவர் திரும்பக் கூப்பிட்டார். பின்பக்கத்தில் நிறுத்தவே கூடாது, அந்த வழியாக உருட்டிக்கொண்டு வரவும் கூடாது. முன்பக்கத்தில், ஐந்தாவது ஆறாவது சேனலுக்குக் குறுக்கே தடித்த தகடு போட்டு நிறுத்தினால் தாங்கும், ஆனால் அதைச் சுற்றித் தாள் அடுக்கக் கூடாது. கிரேனைத் தெருப்பக்கம் கொண்டுவந்து ஜன்னலைக் கழற்றி உள்ளே விட வேண்டும்.

தெருப்பக்கத்து ஜன்னல் இருந்தது கண்ணாடி அறைக்குள். அந்த அறை போனால்தான் இயந்திரம் உள்ளே வரும். கல்யாணமாகிப் போன வீட்டிலும் சரி, பிறந்த வீட்டிலும் சரி, நாத்தனாருக்குத் தனியாகக் கதவு சாத்திக்கொள்ள ஓர் அறை இருந்ததில்லை. பட்டறை கைக்கு வந்த வருஷம் அவரே நின்று கட்டியது அது.

மேலே போனார்கள். நாத்தனார் அறையின் நடுவில் நின்று நான்கு பக்கமும் பார்த்தார்.

"இப்ப சொல்றது?"

"பதினாலும் தொட்டுப் பாத்து சொல்றேன்."

நாத்தனார் மேஜைமேல் விரிந்து கிடந்த படத்தை எடுத்து மடித்தார். பிறகு வாசலுக்குப் போய், தச்சரை வரச் சொல்லு, சாயங்காலத்துக்குள் இந்தக் கண்ணாடியெல்லாம் இறங்க வேண்டும் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வந்து, அலமாரியிலிருந்து கோப்புகளை எடுத்துப் பெட்டியில் போட ஆரம்பித்தார். அவ்வளவுதான். வெர்னியர் சொன்னது மறுபடியும் எடுபட்டுவிட்டது. அவளுக்கு அந்த இடத்தில் மூச்சு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. தகுதியில்லாத ஒன்றை வாங்கிக்கொண்டு நிற்பது போல இருந்தது. இப்போது சொல்லாவிட்டால் இனிமேல் சொல்லவே போவதில்லை என்று தெரிந்தது.

"அண்ணி, அன்னிக்குக் காலைல நான் அத்த ரூமுக்குள்ள போகல."

நாத்தனாரின் கையில் இருந்த கோப்பு அப்படியே நின்றது. எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை.

"நேத்து மாதிரிதான்னு சொன்ன."

"பாக்காமத்தான் சொன்னேன். தூங்கறாங்கன்னு நெனச்சேன்."

நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்தார். கோப்பை மடியில் வைத்துக்கொண்டார். கத்துவார் என்று வெர்னியர் எதிர்பார்த்தாள், கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். நாத்தனார் கேள்விதான் கேட்டார். நிதானமாக, ஒவ்வொன்றாக.

"கதவு எவ்வளவு தெறந்திருந்துச்சு?"

"ஒரு சாண் இருக்கும்."

"அதுல என்ன தெரிஞ்சுது?"

"கால் பக்கம் தெரிஞ்சுது. போர்வை போத்தியிருந்துச்சு."

"கால் அசைஞ்சுதா?"

வெர்னியருக்கு ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அசைந்த மாதிரிதான் ஆறு வருஷமாக அவள் மனசில் இருந்தது. இருக்க வேண்டும் என்று அவளே வைத்துக்கொண்டதா, பார்த்ததா என்று இப்போது தேடினாள். வாசலில் செருப்பு ஞாபகம் இருந்தது. கையில் சாவி இருந்தது. காலைப் பார்த்தது இருந்தது, அசைந்ததைப் பார்த்தது இல்லை.

"தெரியல அண்ணி. நிக்கல, பாக்கல."

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். தெருவில் ஒரு லாரி பின்னால் வந்து, நின்று, மறுபடி முன்னால் போயிற்று. அம்மா காலையில் நன்றாக இருந்தார், திடீரென்று போய்விட்டார் என்றுதான் இத்தனை வருஷமாகத் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்ததாகச் சொன்னார். உன்மேல் எத்தனை கோபம் இருந்தாலும், அந்த 'நல்லா இருக்காங்க' மட்டும் தனக்கு வேண்டியிருந்தது என்றார். அதையும் இப்போது நீ எடுத்துக்கொண்டுவிட்டாய் என்றார். குரல் உயரவில்லை. வெர்னியர் நின்ற இடத்திலேயே நின்றாள். மன்னிப்புக் கேட்கிற வார்த்தை எதுவும் அந்த அறைக்குப் பொருந்துகிற அளவில் அவளிடம் இல்லை.

கீழே தச்சர் வந்துவிட்ட சத்தம் கேட்டது. மாஸ்டர் அவரிடம் ஜன்னல் அகலத்தைத் தோராயமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாத்தனார் முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார். கோப்பைப் பெட்டிக்குள் வைத்தார். மேஜையின் ஒரு பக்கத்தைப் பிடித்து, கனம் எப்படி என்று லேசாகத் தூக்கிப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் புடி" என்றார். "கதவுல இடிக்காம பாத்து வா."